பிராண்டட் சிஸ்டத்தில் கிராபிக்ஸ் கார்டு: முதலில் மூடியைத் திறங்கள், அப்புறம் கார்டு வாங்குங்கள்

போன ஆவணியில், முகூர்த்த நாட்கள் முடிந்த கையோடு நீடாமங்கலத்திலிருந்து அக்கா மகன் போன் செய்தான். "மாமா, கார்டு வந்துடுச்சு. ஸ்லாட்ல உட்காருது, ஆனா கேபினட் மூடி மூட மாட்டேங்குது."

கல்யாண வீடியோ எடிட் செய்து பிழைக்கிறவன். நாலு வீட்டு வேலை கையில் கிடந்தது. அவனிடம் இருந்தது ஏதோ ஓர் ஆபீஸில் ஓடி முடித்து, ரீஃபர்பிஷ்டாக ஊருக்கு வந்த ஒல்லியான கேபினட். வாங்கிய கார்டோ இரண்டு ஃபேன் வைத்த முழு உயரக் கார்டு. இரண்டும் சேர வழியே இல்லை. கடைசியில் திருவாரூரில் ஒரு நண்பனுக்கு அதை நஷ்டத்துக்குக் கொடுத்தான்.

கார்டை மாட்டுவது பத்து நிமிட வேலைதான். ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கத் தெரிந்த யாரும் செய்யலாம். பணம் போவது அதற்கு முன்னால், வாங்கும்போது. நாமே பாகம் பாகமாக வாங்கி அசெம்பிள் செய்த சிஸ்டத்தில் பட்ஜெட்டைப் பார்த்துக் கார்டு எடுக்கலாம். டெல், எச்பி, லெனோவோ என்று முழுசாக வந்த பெட்டியில் அப்படி முடியாது. எந்தக் கார்டு என்பதை அந்தப் பெட்டிதான் சொல்லும். ஆகவே ஆன்லைனில் விலை பார்ப்பதற்கு முன் ஒரு அரை மணி நேரம் ஒதுக்கி மூடியைத் திறந்து பாருங்கள்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் சிஸ்டம் இன்னும் பழைய ஹார்டு டிஸ்கிலும் 4 ஜிபி, 8 ஜிபி ரேமிலும் ஓடுகிறது என்றால் அந்தப் பணத்தில் முதலில் ஒரு எஸ்எஸ்டி, 16 ஜிபி ரேம் போடுங்கள். கார்டு அடுத்த முறை. மெதுவாக இருப்பதற்கெல்லாம் கிராபிக்ஸ் கார்டு காரணம் இல்லை.

படி 1: எஸ்எம்பிஎஸ் ஸ்டிக்கரைப் படியுங்கள்

சிஸ்டத்தை ஷட்டவுன் செய்து, பவர் கார்டைப் பிடுங்கி, பக்கவாட்டு மூடியைக் கழற்றுங்கள். கரன்ட் வயர் வந்து சொருகும் இடத்தில் இருக்கிற தகரப் பெட்டிதான் எஸ்எம்பிஎஸ், சிஸ்டம் முழுவதற்கும் பவர் கொடுக்கும் பாகம். அதன் மேல் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதை மொபைலில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

பெரிதாக அச்சிட்ட மொத்த வாட்டை விட அதில் +12 வோல்ட் என்ற வரிசைதான் முக்கியம். பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் பெரும்பாலும் அந்த வரிசையில்தான் சாப்பிடுகின்றன. அதற்கு நேராக உள்ள ஆம்பியரை 12ஆல் பெருக்குங்கள். 18 ஆம்பியர் என்றால் 216 வாட். 12 வோல்ட் வரிசை இரண்டாகப் பிரிந்திருந்தால் கீழே இரண்டுக்கும் சேர்த்து ஓர் உச்சவரம்பு போட்டிருப்பார்கள், அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது செலவைப் பாருங்கள். ஐ5 நான்காம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர், உதாரணமாக 4590, 84 வாட் ரகம். தாய்ப்பலகை (போர்டு), ரேம், டிஸ்க், ஃபேன் எல்லாம் சேர்த்து ஒரு 40, 50 வாட் வையுங்கள். தாய்ப்பலகையில் கார்டு உட்காரும் நீளமான பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் தானாகவே கொடுக்கக்கூடியது அதிகபட்சம் 75 வாட். மூன்றையும் கூட்டினால் சுமார் 210 வாட். டெல் ஆப்டிபிளெக்ஸ் 9020 மினி டவரில் இருக்கிற 290 வாட் எஸ்எம்பிஎஸ் இதைத் தாங்கும். ஆனால் 170 வாட் இழுக்கும் ஆர்டிஎக்ஸ் 3060ஐ அதில் போடவே கூடாது.

75 வாட்டுக்கு மேல் இழுக்கும் கார்டுக்கு எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனி வயர் வேண்டும். 6 பின் கனெக்டர் 75 வாட், 8 பின் கனெக்டர் 150 வாட் தரும். ஆபீஸுக்காகச் செய்த பெட்டிகளில் பெரும்பாலும் இந்த வயரே இருக்காது. "ஹார்டு டிஸ்குக்குப் பவர் கொடுக்கும் சாட்டா வயரிலிருந்து 6 பின்னுக்கு மாற்றும் அடாப்டர் இருக்கிறது" என்று கடையில் சொன்னால் வாங்காதீர்கள். ஒரு சாட்டா பவர் கனெக்டர் 12 வோல்ட்டில் 54 வாட் வரைதான் தாங்கும்படி செய்யப்பட்டது. அதிலிருந்து 75 வாட் இழுத்தால் பிளாஸ்டிக் உருகும், தீயே பிடிக்கலாம். இதில் விட்டுக்கொடுக்க ஒன்றும் இல்லை.

"எஸ்எம்பிஎஸ்ஸையே மாற்றிவிடலாமே?" என்று கேட்பீர்கள். சாதாரண எஸ்எம்பிஎஸ்ஸில் தாய்ப்பலகைக்குப் போகும் கனெக்டர் 24 பின். ஆப்டிபிளெக்ஸ் 9020இல் அது 8 பின், எச்பி எலைட்டெஸ்க் 800 ஜி1இல் 6 பின், லெனோவோ திங்க்சென்டர் எம்93இல் 14 பின். நடுவில் மாற்று வயர் போட்டுச் செய்கிறவர்கள் உண்டு. ஒல்லிக் கேபினட்டில் எஸ்எம்பிஎஸ்ஸின் வடிவமே வேறு என்பதால் அதுவும் நடக்காது. புதிதாகச் செய்கிறவர்களுக்கு என் கருத்து: இருக்கிற எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் அடங்குகிற கார்டை எடுங்கள். மலிவான எஸ்எம்பிஎஸ் வாங்கி மாட்டுவது அதைவிட மோசம். மேலே 450 வாட் என்று போட்டிருக்கும், 12 வோல்ட் வரிசையில் 14 ஆம்பியர்தான் இருக்கும். அதாவது 168 வாட்.

படி 2: ஸ்கேலை எடுத்து அளங்கள்

பின்பக்கம் ஸ்லாட்டை மூடியிருக்கும் தகடு சுமார் 12 செ.மீ. உயரம் என்றால் முழு உயரக் கார்டு போகும். 8 செ.மீ. என்றால் லோ புரொஃபைல் எனப்படும் குட்டைக் கார்டு மட்டும்தான். இந்த ஓர் அளவை எடுக்காமல்தான் அக்கா மகன் மாட்டிக்கொண்டான்.

அடுத்து நீளம். ஸ்லாட்டின் பின்தகட்டிலிருந்து உள்ளே ஹார்டு டிஸ்க் கூண்டு வரை எத்தனை செ.மீ. என்று பாருங்கள். அப்புறம் தடிமன். பல கார்டுகள் இரண்டு ஸ்லாட் அகலம் எடுக்கும், அதாவது சுமார் 4 செ.மீ. ஃபேன் இருக்கும் பக்கத்தில் அந்த இடம் காலியா, அங்கே எஸ்எம்பிஎஸ் பெட்டி இடிக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். சில ஒல்லிக் கேபினட்டில் நீள ஸ்லாட் எஸ்எம்பிஎஸ்ஸை ஒட்டியே இருக்கும். அங்கே ஒற்றை ஸ்லாட் கார்டைத் தவிர வேறு எதுவும் உட்காராது.

படி 3: கார்டைத் தேர்ந்தெடுப்பது

தனி வயர் வேண்டாத, 75 வாட்டுக்குள் அடங்கும் கார்டுகளைத்தான் இங்கே சொல்கிறேன்.

ஆர்டிஎக்ஸ் 3050, 6 ஜிபி. 2024இல் வந்தது, 70 வாட். லோ புரொஃபைல் மாடலும் கிடைக்கிறது. வீடியோ எடிட்டிங்குக்கும் சுமாரான கேமுக்கும் இந்த வரிசையில் எனக்குப் பிடித்தது இதுதான். ஒன்றை மட்டும் கவனியுங்கள். இதே பெயரில் 8 ஜிபி கார்டு ஒன்று இருக்கிறது. அது 130 வாட் ரகம், தனி வயர் கேட்கும். பெயர் ஒன்று, கார்டு வேறு. ஆர்டர் போடும்போது 6 ஜிபி என்பதையும், படத்தில் கார்டின் ஓரத்தில் பவர் சாக்கெட் இல்லை என்பதையும் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

ஜிடிஎக்ஸ் 1650 2019இல் வந்தது, 4 ஜிபி, 75 வாட். செகண்ட் ஹேண்டில் நிறைய வருகிறது. இதிலும் சில மாடல்களில் 6 பின் சாக்கெட் வைத்திருப்பார்கள், பார்த்து எடுங்கள்.

ஏஎம்டி ஆர்எக்ஸ் 6400 53 வாட்தான் எடுக்கும், ஒற்றை ஸ்லாட்டிலும் வருகிறது. ஆனால் வீடியோவை எக்ஸ்போர்ட் செய்ய உதவும் என்கோடர் அதில் கிடையாது. எடிட்டிங் வேலைக்கு வாங்காதீர்கள். பழைய போர்டில் அதன் வேகமும் குறையும்.

ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று யாராவது மலிவாகக் கொடுத்தால் கொஞ்சம் நில்லுங்கள். 2016இல் வந்த கார்டு அது. பழைய கார்டின் பயாஸை (கார்டுக்குள் பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருளை) மாற்றி எழுதி இந்தப் பெயரில் விற்கும் போலிகளும் உலவுகின்றன. அந்தச் சிப்பில் விஜிஏ வெளியீடே கிடையாது. பின்னால் நீல விஜிஏ சாக்கெட் இருந்தால் போலி என்று சந்தேகப்படுங்கள். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளை ஓட்டச் சொல்லிப் பாருங்கள். இப்படிப் பெயர் மாற்றிய கார்டுகளைப் பெரும்பாலும் அது போலி என்றே காட்டிவிடும்.

இதோடு மானிட்டரையும் பாருங்கள். ஊரில் பாதிப் பேர் வைத்திருப்பது விஜிஏ மட்டும் உள்ள பழைய மானிட்டர். இப்போதைய கார்டுகளில் பெரும்பாலும் எச்டிஎம்ஐயும் டிஸ்பிளே போர்ட்டும்தான் இருக்கும். எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏவுக்கு மாற்றும் கன்வெர்ட்டர், உள்ளே சிப் வைத்தது, ஒன்றும் சேர்த்து வாங்குங்கள். வெறும் வயர் வேலை செய்யாது.

படி 4: மாட்டுவதற்கு முதல் நாள்

முக்கியமான ஃபைல்களை வெளி டிஸ்கில் காப்பி எடுங்கள். கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரை என்விடியா அல்லது ஏஎம்டி தளத்திலிருந்து முன்கூட்டியே இறக்கி வையுங்கள். சிஸ்டம் நிறுவனத்தின் தளத்தில் உங்கள் மாடல் எண்ணைப் போட்டு, போர்டுக்குப் புதிய பயாஸ் இருக்கிறதா என்றும் பாருங்கள். 2012க்கு முந்தைய போர்டுகளில் புதிய கார்டு திரையே காட்டாமல் போவது உண்டு. பயாஸ் அப்டேட் ஓடும் நடுவில் கரன்ட் போனால் போர்டே போய்விடும். ஆகவே பேட்டரி நன்றாக இருக்கிற யுபிஎஸ்ஸில் வைத்துத்தான் செய்ய வேண்டும்.

படி 5: தூசியை எடுத்துவிட்டு மாட்டுங்கள்

பவர் கார்டைப் பிடுங்கிய பிறகு பவர் பட்டனை ஐந்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே மிச்சமிருக்கும் சார்ஜ் இறங்கும்.

கேபினட்டைத் திண்ணைக்கோ கொல்லைக்கோ கொண்டுபோய்த் தூசி எடுங்கள். வயல் பக்கத்து வீடு என்றால் சம்பா அறுவடை மெஷின் ஓடும் தை, மாசியில் உள்ளே போகிற சுணை கொஞ்சநஞ்சம் இல்லை. பிராசஸர் ஃபேனுக்கு அடியில் கம்பளி மாதிரி படிந்திருக்கும். புதுக் கார்டும் அதே காற்றைத்தான் இழுக்கப் போகிறது. புளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், வேகமாகச் சுற்றவிடாதீர்கள்.

உள்ளே கை வைக்கும் முன் கேபினட்டின் பெயின்ட் இல்லாத தகரத்தைத் தொடுங்கள். நம் ஊர் ஈரக் காற்றில் ஸ்டேட்டிக் கரன்ட் குறைவுதான், இருந்தாலும் பழக்கம் நல்லது. அதைவிட வியர்வைக் கைதான் பிரச்சினை. கார்டின் ஓரத்தை மட்டும் பிடியுங்கள், தங்க நிறப் பற்களைத் தொட வேண்டாம். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்திலிருந்து வந்த செகண்ட் ஹேண்ட் கார்டு என்றால் உப்புக் காற்றில் அந்தப் பற்கள் கறுத்திருக்கலாம். பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளைத் துடைத்துவிட்டுப் போடுங்கள்.

பின்தகட்டைக் கழற்றுங்கள். பிராண்டட் பெட்டிகளில் ஸ்க்ரூவுக்குப் பதில் ஒரு மடக்கு லாக் இருக்கும், அதை வெளிப்பக்கம் திறந்தால் தகடு வந்துவிடும். கார்டை நேராகப் பிடித்து, இரண்டு பக்கமும் சமமாக அழுத்துங்கள். ஸ்லாட்டின் கோடியில் இருக்கும் சின்ன லாக் 'டக்' என்று விழ வேண்டும். லாக்கை மூடுங்கள் அல்லது ஸ்க்ரூவை முடுக்குங்கள். ஏதாவது வயர் ஃபேனில் உரசுகிறதா என்று பார்த்துவிட்டு மூடியைப் போடுங்கள்.

படி 6: ஆன் செய்வது

மானிட்டர் வயரைக் கார்டில் சொருகுங்கள். பழைய பழக்கத்தில் போர்டில் சொருகிவிட்டு "கார்டு வேலை செய்யலை" என்று கவலைப்படுகிறவர்கள் நிறைய.

திரை வரவில்லையா? பதறாதீர்கள். கார்டைக் கழற்றி மறுபடி அழுத்தி வையுங்கள். கை பட்டு ரேம் தளர்ந்திருக்கலாம், அதையும் எடுத்துப் போடுங்கள். அப்போதும் வராவிட்டால் கார்டை எடுத்துவிட்டு, வயரைப் போர்டில் சொருகி, பயாஸுக்குள் போங்கள். டெல்லுக்கு எஃப்2, எச்பிக்கு எஃப்10, லெனோவோவுக்கு எஃப்1. முதன்மை டிஸ்பிளே என்பதை ஆட்டோ அல்லது பிசிஐ எக்ஸ்பிரஸ் என்று வைத்துச் சேமித்துவிட்டு மறுபடி கார்டைப் போட்டுப் பாருங்கள்.

திரை வந்ததும் டிரைவரை ஏற்றுங்கள், ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஏற்கெனவே வேறு கார்டு இருந்திருந்தால் அதன் டிரைவரை முதலில் நீக்கிவிடுவது நல்லது.

படி 7: அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள்

ஜிபியு-இசட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, நீங்கள் வழக்கமாகச் செய்யும் கனமான வேலையை அரை மணி நேரம் ஓட்டுங்கள். மூடி போட்டபடியே ஓட்ட வேண்டும். வெப்பம் 80 டிகிரிக்குள் நின்றால் நிம்மதி. சித்திரை வெயிலில் இன்னும் சில டிகிரி ஏறும், அதற்கும் இடம் வேண்டும். லோடு ஏறும்போது சிஸ்டம் சட்டென்று அணைந்தால் எஸ்எம்பிஎஸ் தாங்கவில்லை என்று முதலில் சந்தேகப்படுங்கள்.

அடுத்து யுபிஎஸ். வீடுகளில் இருக்கிற 600 விஏ யுபிஎஸ் பொதுவாக 360 வாட் வரை தாங்கும். வேலை ஃபைல் எதையும் திறந்து வைக்காமல், கார்டுக்கு மட்டும் லோடு கொடுத்துவிட்டு, யுபிஎஸ்ஸின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்குங்கள். சிஸ்டமும் சேர்ந்து அணைந்தால் பேட்டரி மாற்றும் காலம் வந்துவிட்டது.

கேபினட்டைத் தொட்டால் விறுவிறு என்று இழுக்கிறதா? அப்படியென்றால் எர்த் சரியில்லை, எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். நம் களிமண் கோடையில் பாளம் பாளமாக வெடித்து எர்த் குழியும் காய்ந்துபோகும். வாரம் ஒரு குடம் தண்ணீர் அதில் ஊற்றுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் கேபினட்டைத் தரையில் வைக்காதீர்கள், ஒரு ஸ்டூலாவது போடுங்கள்.

அக்கா மகனுடைய ஒல்லிக் கேபினட்டில் பக்கத்து ஸ்லாட் காலியாக இருந்தது, எஸ்எம்பிஎஸ்ஸும் இடிக்கவில்லை. அளந்து பார்த்துவிட்டு லோ புரொஃபைல் 3050 6 ஜிபி போட்டோம். அன்று ராத்திரியே மன்னார்குடிக் கல்யாணத்து வரவேற்பு வீடியோவை ஓட்டிப் பார்த்துவிட்டு, "மாமா, டைம்லைன் நிக்காம போகுது" என்று மெசேஜ் அனுப்பினான்.