குழந்தைக்குப் பொறுமை இல்லையா? பெற்றோர் சறுக்கும் இடங்கள்

இரண்டு வயதுக் குழந்தை அழுது புரளும்போது "கத்தாதே!" என்று நாமே கத்துவோம். அதனால் அழுகை அடங்காது. ஆத்திரத்தையும் ஆசையையும் அடக்க உதவும் மூளையின் முன்பகுதி முழுதாக முதிர 20 வயதுக்கு மேல் ஆகிவிடும். அதுவரை, முக்கியமாக முதல் சில வருடங்களில், பக்கத்தில் இருக்கும் பெரியவரின் நிதானத்தைப் பிடித்துக்கொண்டுதான் குழந்தை அடங்குகிறது. முதலில் அருகில் உட்காருங்கள். புத்திமதியை அப்புறம் சொல்லலாம்.

என்னைக் கேட்டால், இதைவிடப் பெரிய தவறு வாக்குத் தவறுவது. "கொஞ்சம் பொறு, தருகிறேன்" என்று சொல்லிவிட்டு மறந்துவிடுவோம். குழந்தை மறக்காது. அமெரிக்காவின் ராசெஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். 3 முதல் 5 வயதுக் குழந்தைகளிடம், படம் வரைய நல்ல வண்ணப் பொருள்கள் கொண்டுவருவதாக ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். சிலருக்குச் சொன்னபடி கொண்டுவந்தார். சிலரிடம் வெறுங்கையோடு திரும்பினார். பிறகு எல்லோருக்கும் ஒரு மிட்டாய்: உடனே தின்னாமல் காத்திருந்தால் இன்னொன்று கிடைக்கும். முதல் குழு சராசரியாக 12 நிமிடம் பொறுத்தது, ஏமாந்த குழு 3 நிமிடம். ஏமாந்தவர்களைப் பொறுமையற்றவர்கள் என்று எப்படிச் சொல்வது? வருமா வராதா என்று தெரியாத மிட்டாய்க்காக யார்தான் காத்திருப்பார்கள்?

இதன் மறுபக்கம், முடியாது என்று சொல்லிவிட்டு அரை மணி நேர அழுகைக்குப் பிறகு கொடுப்பது. அரை மணி நேரம் அழுதால் கிடைக்கும் என்றுதான் குழந்தை கற்றுக்கொள்கிறது. கடைப்பிடிக்க முடியாத பத்து விதிகளைவிட, கடைசிவரை நிற்கும் இரண்டு போதும்.

ஒவ்வொரு அழுகைக்கும் போனைக் கையில் கொடுப்பதும் அப்படித்தான். அழுகை உடனே நிற்கும், சரி. ஆனால் தானாகத் தணிந்து பழகும் வாய்ப்பு போய்விடுகிறது.

ஆசைப்படும் பொருளைக் கண்ணெதிரே வைத்துவிட்டு "தொடாதே" என்பதும் வேண்டாத சோதனை. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் வால்டர் மிஷெல் நடத்திய பழைய மிட்டாய்ச் சோதனைகளிலேயே, மிட்டாயை மூடி வைத்தபோது குழந்தைகள் கூடுதல் நேரம் பொறுத்தார்கள். பொருளை எடுத்து உள்ளே வையுங்கள், காத்திருக்கும் நேரத்தில் ஒரு விளையாட்டைக் கொடுங்கள்.