கீரைக்கட்டு வாடாமல் சந்தைக்குப் போக

உழவர் சந்தைக்குக் கொண்டுபோகும் சிறுகீரை, தண்டுக்கீரையை முந்தின நாள் வெயில் தாழ்ந்ததும் வேரோடு பிடுங்கி, மண்ணை அலசி, வேர் மட்டும் நனையும்படி இரண்டு விரற்கடைத் தண்ணீரில் நிறுத்தி வையுங்கள். மேலே பிழிந்த ஈரச்சாக்கு ஒன்று போதும். பிடுங்கிய பிறகும் இலை நீரை இழந்துகொண்டேயிருக்கும். வேர் அதை ஈடுகட்டும், சாக்கு காயக் காய உள்ளே குளிரும். கட்டின் மேல் தண்ணீர் தெளிக்கும் பழக்கத்தைத்தான் விடவேண்டும்: அடுக்கின் நடுவே சூடும் ஈரமும் சேர்ந்து இலை கொழகொழத்து, நெல்லை மகாராஜநகர் உழவர் சந்தைக்குப் போய்ப் பிரிக்கும்போது நாறும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சாக்கு காயாது, குளிரவும் செய்யாது. வேருக்குத் தண்ணீர் மட்டும் போதும். முருங்கைக்கீரைக்கு இது ஆகாது. ஈரம் பட்டால் இலை பழுத்து உதிரும். விடியற்காலையில் ஒடித்து அன்றே விற்றுவிடுங்கள்.