வகுப்பறையில் இணையக் கருவிகள்: ஆசிரியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இணையக் கருவிகளைப் பற்றி ஆசிரியர்கள் கூடிப் பேசும்போது, எந்தச் செயலி சிறந்தது என்ற கேள்வியே பெரும்பாலும் முதலில் எழுகிறது. அரசுப் பள்ளியில் அறிவியல் கற்பிக்கும் நான் கண்டவரை, மாணவர் மனத்தில் இப்போது என்ன எண்ணம் இருக்கிறது, அதில் எது மாற வேண்டும் என்று தெளிவு பெறாமல் செயலியைத் திறப்பதே பெரும்பாலான தவறுகளுக்கு வேர்.

பத்தாம் வகுப்பு மின்னோட்டவியல் பாடத்தை எடுத்துக்கொள்வோம். நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002-இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ‘ஃபெட்’ திட்டத்தின் மெய்நிகர் சோதனைகள் இலவசமாகக் கிடைக்கின்றன; அவற்றில் பல தமிழிலும் உள்ளன. ஆசிரியர் திரையில் ஒரு மின்கலத்தையும் இரண்டு பல்புகளையும் தொடராக இணைக்கிறார், இரண்டும் ஒரே அளவில் ஒளிர்கின்றன, விளக்கம் சொல்லிவிட்டு அடுத்த பகுதிக்குச் செல்கிறார். மாணவர்களும் தலையசைக்கிறார்கள். ஆனால் முதல் பல்பு மின்னோட்டத்தில் ஒரு பகுதியைத் தின்றுவிடும், மீதிதான் அடுத்த பல்புக்குப் போகும் என்ற எண்ணம் அவர்களில் பலரிடம் அப்படியே இருக்கும். சுற்றை மூடுவதற்கு முன்பே, எந்தப் பல்பு அதிகமாக ஒளிரும், ஏன் என்று ஒவ்வொருவரையும் குறிப்பேட்டில் எழுதச் சொன்னால் நிலைமை மாறுகிறது. எழுதிவைத்த விடைக்கு எதிராகத் திரை காட்டும்போது அவர்கள் வாதிடத் தொடங்குகிறார்கள். அந்த வாதத்துக்கு நேரம் ஒதுக்காமல் அடுத்த காட்சிக்குத் தாவுவதையே இவ்வகைப் பாடங்களின் மிகப் பெரிய தவறாக நான் கருதுகிறேன்.

மெய்நிகர் சோதனையை உண்மைச் சோதனைக்கு மாற்றாக வைப்பதும் தவறு. திரையில் கம்பி தளர்வதில்லை, இணைப்பு துருப்பிடிப்பதில்லை. உண்மையான இரண்டு டார்ச் பல்புகளோ, ஒரே வகையைச் சேர்ந்தவையாக இருந்தும் சற்று வேறுபட்டு ஒளிரக்கூடும். அது ஏன் என்று மாணவர் கேட்டால், அந்தக் கேள்வி எந்தச் செயலியும் தராத ஒரு வாய்ப்பு. எனவே மின்கலமும் பல்பும் கையில் இருக்கும்போது அவற்றிலிருந்தே தொடங்க வேண்டும். கம்பிக்குள் மின்னூட்டங்கள் சுற்று முழுவதும் ஒரே வீதத்தில் நகர்வதையும், குறுக்குச்சுற்றில் மின்கலம் தீப்பற்றுவதையும் மேசையில் காட்ட இயலாது. திரையை அங்கே பயன்படுத்தலாம்.

வினாடி வினாச் செயலிகளில் வேறொரு சிக்கல் உண்டு. ‘கஹூட்’ போன்றவை, அமைப்பை மாற்றாவிட்டால், விரைவாக விடை சொல்பவருக்குக் கூடுதல் புள்ளி தருகின்றன. நிதானமாக யோசிக்கும் மாணவி சரியான விடை அளித்தும் பட்டியலில் கீழே நிற்கிறாள். சில வாரங்களில் அவள் யோசிப்பதை விட்டுவிட்டு ஊகிக்கத் தொடங்குவாள். வேகம் தேவைப்படாத பாடத்தில் வேகத்துக்கு மதிப்பெண் தரக் கூடாது. மேலும், எத்தனை பேர் சரியாகச் சொன்னார்கள் என்பதை மட்டும் பார்த்துவிட்டுத் திரையை மூடுகிறோம். தவறான தெரிவுகளில் எதைப் பலர் தேர்ந்தெடுத்தார்கள் என்பதே அடுத்த வகுப்பை எங்கிருந்து தொடங்குவது என்று சொல்லும். மாணவர்களிடம் கைப்பேசி இல்லாத வகுப்புக்கு ‘பிளிக்கர்ஸ்’ பொருத்தமானது: ஒவ்வொருவரும் அச்சிட்ட அட்டையைத் தம் விடைக்கேற்பத் திருப்பிப் பிடிக்க, ஆசிரியரின் ஒரே கைப்பேசி அனைத்தையும் படித்துக்கொள்கிறது.

கூகுள் படிவத்தில் தமிழில் சிறுவிடை கேட்போர் அதன் தானியங்கி மதிப்பெண்ணை நம்பிவிடக் கூடாது. விடைக்குறிப்போடு எழுத்துக்கு எழுத்து பொருந்தினால்தான் அது மதிப்பெண் அளிக்கும். ‘ஔ’ என்ற ஒரே எழுத்துக்குப் பதிலாக ‘ஒ’, ‘ள’ என்ற இரண்டையும் சேர்த்துத் தட்டச்சு செய்யும் மாணவர்கள் பலர். கண்ணுக்கு ஏறத்தாழ ஒன்றாகத் தெரிந்தாலும் கணினிக்கு அவை வெவ்வேறு. சரியாக எழுதிய குழந்தைக்குச் சுழியம் கிடைப்பதை எந்த வசதியாலும் நியாயப்படுத்த முடியாது.

வீட்டில் இணையம் இருக்கும் என்று எண்ணி வேலை கொடுப்பது இன்னும் தொடர்கிறது. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது, வீட்டிலுள்ள ஒரே கைப்பேசி தந்தையோடு வேலைக்குப் போய் இரவில்தான் திரும்பும் என்பதை நாம் எல்லோரும் அறிந்தோம். பாடநூலில் உள்ள கியூஆர் குறியீட்டை வீட்டில் ஸ்கேன் செய்து பார்த்து வரச் சொன்னால், கைப்பேசி இல்லாத பிள்ளை மறுநாள் வகுப்பில் பின்தங்கியே அமர்கிறது. காணொளியை வகுப்பிலேயே காட்டிவிடலாம். ஃபெட் சோதனைகள் பலவற்றை முன்கூட்டியே பதிவிறக்கிக்கொண்டால் இணையம் இல்லாமலும் அவை இயங்கும்.

கடைசியாக, மாணவர்களின் விவரங்கள். 2023-ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாத அனைவரையும் குழந்தைகள் என்றே வரையறுக்கிறது. அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைப் பொது விதியாக வைக்கிறது. அப்படியிருக்க, ஒரு சிறு தேர்வுக்குக்கூடப் பெயர், கைப்பேசி எண், புகைப்படம் எல்லாம் கேட்கும் படிவங்களையும், மதிப்பெண் பட்டியலை அப்படியே வாட்ஸ்அப் குழுவில் பகிர்வதையும் பார்க்கிறோம். தேர்வுக்கு வரிசை எண் போதும். குழுவில் சேர்க்கப்படும் ஒவ்வொரு மாணவியின் எண்ணும் மற்ற எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்பதால், பெற்றோரின் எண்களைக் கொண்டு பிராட்காஸ்ட் பட்டியல் (ஒரே செய்தியை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்பும் வாட்ஸ்அப் வசதி) அமைத்து அனுப்புவது பாதுகாப்பானது. ஆசிரியரின் எண்ணைத் தம் கைப்பேசியில் சேமித்தவர்களுக்கு மட்டுமே அச்செய்தி போய்ச் சேரும்; ஆகவே முதல் பெற்றோர் கூட்டத்திலேயே எண்ணைக் கொடுத்து, எல்லோரும் அதைச் சேமித்துவிட்டார்களா என்று பார்த்துவிட வேண்டும்.