மூன்றாம் நாள் காலைக்காகத் திட்டமிடுங்கள்: நீலகிரியில் பல நாள் சைக்கிள் பயணம்

மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்குச் சைக்கிளில் ஏறியவர்கள் இன்று கோவை வட்டாரத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். 33 கிலோமீட்டரில் ஏறக்குறைய 1,450 மீட்டர் உயரம் ஏறுவது எளிய காரியமில்லை என்றாலும், மாலையில் வீடு திரும்பி மறுநாள் முழுவதும் படுத்துக் கிடக்க வசதி இருந்தால் ஓரளவு பயிற்சியுள்ள எவரும் அதைச் செய்துவிடலாம். நான்கைந்து நாள் தொடர்ந்து மலையில் ஓட்டுவது வேறு வகை வேலை. மூன்றாம் நாள் காலை ஆறரை மணிக்கு, வலிக்கும் தொடையோடு, ஈரம் காயாத கையுறையை மாட்டிக்கொண்டு மறுபடியும் சீட்டில் உட்கார முடிகிறதா என்பதுதான் அதில் கேள்வி. கியர், சாப்பாடு, துணி, வேகம் என்று எடுக்கும் ஒவ்வொரு முடிவையும் அந்தக் காலையை மனத்தில் வைத்தே எடுக்க வேண்டும்.

இதை நான் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டேன். முதல் தடவை மூன்று நாள் பயணமாகப் போனபோது, கூட வந்தவர்களை முந்த வேண்டும் என்ற ஆசையில் கோத்தகிரிச் சாலையிலுள்ள குஞ்சப்பனை வரை பெரிய கியரிலேயே எழுந்து நின்று மிதித்தேன். இரண்டு நாள் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் நாள் கூடலூரிலிருந்து நடுவட்டம் ஏறும்போது இடது முழங்கால் மடங்க மறுத்துவிட்டது. மீதி ஏற்றத்தைத் தேயிலைச் சாக்குகளுக்கு நடுவே, ஒரு வேனின் பின்பக்கத்தில் சைக்கிளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு முடித்தேன். இறக்கிவிடும்போது ஓட்டுநர், "தம்பி, மலையை அவசரமா ஏறுனா அது பாதியிலயே இறக்கி விட்டுரும்" என்றார்.

எந்த வகைப் பயணம் என்பதை முதலில் தீர்மானித்துக்கொள்ளுங்கள். பகலில் ஓட்டி இரவில் தூங்கும் பயணம் ஒரு வகை. 2008 முதல் நடந்துவரும் 'டூர் ஆஃப் நீல்கிரிஸ்' அப்படிப்பட்டதுதான். அதில் மூட்டையைச் சுமக்க வண்டியும், தங்க இடமும், வழியில் தண்ணீரும் ஏற்பாடாகிவிடும். இன்னொரு வகை 'பிரெவே' எனப்படும் நெடுந்தூரச் சவால். அதில் 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்திலும், 300-ஐ 20 மணியிலும், 400-ஐ 27 மணியிலும், 600-ஐ 40 மணியிலும் முடிக்க வேண்டும். இந்த நான்கையும் ஒரே பருவத்தில் முடிப்பவருக்கு 'சூப்பர் ராண்டனர்' என்ற பட்டம் உண்டு. தூங்கினாலும், பஞ்சர் ஒட்டினாலும், டீ குடித்தாலும் அங்கே கடிகாரம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். மலைக்குப் புதியவர்கள் முதல் வகையில் தொடங்குவதே நல்லது என்பது என் கருத்து. தூக்கத்தைக் குறைத்துக்கொண்டு கொண்டை ஊசி வளைவுகளில் இறங்குவது பழகியவர்களுக்கே ஆபத்தானது.

பயிற்சிக்குக் குறைந்தது மூன்று மாதம் ஒதுக்குங்கள். வார நாள்களில் இரண்டு தடவை ஒரு மணி நேரம் ஓட்டினால் போதும். உண்மையான பயிற்சி சனி, ஞாயிறு இரண்டையும் சேர்த்து ஓட்டுவதில் இருக்கிறது. சனிக்கிழமை 80 கிலோமீட்டர் ஓட்டிக் களைத்த கால்களோடு ஞாயிற்றுக்கிழமை 60 கிலோமீட்டர் ஓட்டும்போதுதான், களைப்பு மிச்சமிருக்கும் நிலையில் வேலை செய்ய உடல் பழகுகிறது. தனியாக 140 கிலோமீட்டரை ஒரே நாளில் ஓட்டுவது பெருமைக்கு உதவலாம், மூன்றாம் நாள் காலைக்கு அவ்வளவாக உதவாது. நான்காவது வாரம் தோறும் தூரத்தைப் பாதியாக்கி உடலுக்கு ஓய்வு கொடுங்கள். அடிக்கடி மலையேற முடியவில்லை என்று பொள்ளாச்சி, உடுமலைக்காரர்கள் குறைப்பட வேண்டியதில்லை. தென்மேற்குப் பருவத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் காற்றை எதிர்த்து மேற்கு நோக்கி இரண்டு மணி நேரம் மிதித்தால், ஏற்றத்தில் மிதிப்பதைப் போலவே ஒரு நொடியும் காலுக்கு ஓய்வு கிடைக்காது.

கியர் விஷயத்தில் வெட்கப்படவே கூடாது. ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். சாதாரண ரோடு சைக்கிளின் சக்கரம் ஒரு சுற்றில் ஏறக்குறைய 2.1 மீட்டர் நகர்கிறது. முன் பல்சக்கரத்தில் 39 பல், பின் பல்சக்கரத்தில் 25 பல் என்ற பழைய அமைப்பில் பெடலை ஒரு சுற்று சுற்றினால் வண்டி 3.3 மீட்டர் போகும். செங்குத்தான ஏற்றத்தில் மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது நிமிடத்துக்கு 40 சுற்றுதான் சுற்ற முடியும். ஒவ்வொரு சுற்றும் முழங்காலை நசுக்கும். முன்னால் 34, பின்னால் 34 என்று மாற்றிவிட்டால் அதே வேகத்தில் 63 சுற்று வரும். சுமை முழங்காலிலிருந்து மூச்சுக்கு மாறிவிடும். மூச்சு ஐந்து நிமிடத்தில் மீண்டுவிடும், முழங்கால் மீளாது. மேட்டுப்பாளையம் மலை ரயில் கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே 12-க்கு 1 என்ற சரிவில் ஏறுவதற்கே தண்டவாளத்தின் நடுவில் பல்சட்டம் வைத்திருக்கிறார்கள். சாலையிலும் அந்தச் சரிவைத் தாண்டும் இடங்கள் இருக்கின்றன. ரயிலுக்கே அது தேவைப்படும்போது நமக்கு 34 பல் சக்கரம் ஒன்றும் அவமானமில்லை.

வேகத்தை அளக்கக் கிலோமீட்டரை மறந்துவிட்டு, மணிக்கு எத்தனை மீட்டர் உயரம் ஏறுகிறீர்கள் என்று பாருங்கள். மணிக்கு 500 மீட்டர் என்பது பெரும்பாலோருக்குத் தாங்கக்கூடிய அளவு. கோத்தகிரி ஏற்றத்தில் பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். பேச்சு இரண்டிரண்டு சொல்லாக உடைந்தால் வேகம் அதிகம் என்று பொருள். நாடித் துடிப்பைக் காட்டும் கருவிகளைவிட எனக்கு இந்த அளவுகோலில்தான் நம்பிக்கை.

சாப்பாட்டுக்கும் இதே கணக்கு உதவும். 65 கிலோ எடையுள்ளவர், சைக்கிளும் மூட்டையும் சேர்த்து 13 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அந்த 78 கிலோவை 1,450 மீட்டர் தூக்குவதற்கு 1,100 கிலோஜூல் வேலை தேவை. உண்ட உணவின் ஆற்றலில் ஏறக்குறைய கால் பங்கைத்தான் உடல் பெடலுக்கு அனுப்புகிறது என்பதால், ஒரு கிலோஜூல் வேலைக்குக் கிட்டத்தட்ட ஒரு கிலோகலோரி செலவாகும். ஆக, கோத்தகிரி ஏற்றம் மட்டுமே 1,100 கிலோகலோரிக்கு மேல் விழுங்கிவிடும். தசையிலும் கல்லீரலிலும் சேமித்த மாவுச்சத்து மொத்தமே ஏறக்குறைய 2,000 கிலோகலோரிதான். முதல் நாளே அதைக் காலியாக்கிவிட்டுச் சரியாகச் சாப்பிடாமல் தூங்கினால், அந்தக் கடன் மூன்றாம் நாள் வட்டியோடு வந்து நிற்கும். ஆகவே பசிக்கும் முன்பே, மணிக்கு 50 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். இரண்டு வாழைப்பழம் ஏறக்குறைய அந்த அளவைத் தந்துவிடும். கடலை மிட்டாயும் நல்லதுதான், ஆனால் ஏற்றத்தில் மூச்சு வாங்கும்போது மென்று விழுங்கச் சிரமம். ஊட்டி வர்க்கி கடைக்குக் கடை கண்ணில் படும். நெய்யும் வனஸ்பதியும் சேர்ந்த அதை மாலை டீக்கு வைத்துக்கொள்ளுங்கள், நடு ஏற்றத்தில் அது வயிற்றில் கல்லாக உட்காரும். தங்குமிடம் சேர்ந்ததும் குளிக்கப் போகும் முன்பே ஏதாவது சாப்பிட்டுவிட்டு, இரவில் சோறு, பருப்பு, முட்டை என்று வயிறு நிறைய உண்ணுங்கள்.

தண்ணீருக்கு இரண்டு நல்ல பாட்டில்களைச் சைக்கிளில் பொருத்திக்கொள்வது கட்டாயம். நீலகிரி மாவட்டத்தில் ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில்களில் தண்ணீர் விற்கத் தடை இருக்கிறது. கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்று வெறுங்கையோடு வருபவர்கள் திண்டாடுவார்கள். சாலையோரக் குடிநீர் ஏ.டி.எம்.களிலும் டீக்கடைகளிலும் நிரப்பிக்கொள்ளலாம். வியர்வை அதிகமுள்ள அடிவாரப் பகுதியில் ஒரு பாட்டிலில் ஓ.ஆர்.எஸ். கரைத்துக்கொள்ளுங்கள், பொட்டலத்தில் ஒரு லிட்டர் என்று போட்டிருந்தால் ஒரு லிட்டரில்தான் கரைக்க வேண்டும், அரை லிட்டரில் கரைத்தால் வயிற்றைக் கெடுக்கும்.

பருவத்தைப் பொறுத்தவரை ஜனவரி நடுவிலிருந்து மார்ச் வரை என்பதே என் தேர்வு. தென்மேற்குப் பருவம் கூடலூர், பந்தலூர்ப் பக்கத்தை நனைக்கும். வடகிழக்குப் பருவம் குன்னூர், கோத்தகிரிச் சரிவுகளைத் தாக்கும். 2009 நவம்பரில் அந்தச் சரிவுகளில் ஏற்பட்ட நிலச்சரிவுகளை இங்குள்ளவர்கள் இன்னும் மறக்கவில்லை. ஏப்ரல், மே மாதங்களில் சுற்றுலா வாகனங்களுக்கு நடுவே சைக்கிளுக்கு இடமே இருக்காது. ஜனவரியில் ஊட்டியில் உறைபனி விழும் என்பதை மட்டும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய ஆறரை டிகிரி குறையும். மேட்டுப்பாளையத்தில் வியர்த்து நனைந்த அதே சட்டையோடு 2,240 மீட்டர் உயரத்தில் நிற்கும்போது அது நன்றாகவே தெரியும்.

நான் பரிந்துரைக்கும் பாதை ஐந்து நாளுக்கானது. முதல் நாள் மேட்டுப்பாளையத்திலிருந்து குஞ்சப்பனை வழியாகக் கோத்தகிரி, அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். மதியமே சேர்ந்துவிட்டு "இன்னும் தெம்பு இருக்கிறதே" என்று கொடநாடு வரை போய்வர மனம் துடிக்கும், அதற்கு இடம் கொடுக்காதீர்கள். இரண்டாம் நாள் மூட்டையை அறையிலேயே வைத்துவிட்டு, கட்டபெட்டு, தொட்டபெட்டா சந்திப்பு, ஊட்டி, குன்னூர் என்று சுற்றிக் கோத்தகிரிக்கே திரும்பும் ஏறக்குறைய 70 கிலோமீட்டர். மூன்றாம் நாள் ஊட்டி, பைக்காரா, நடுவட்டம் வழியாகக் கூடலூருக்கு 80 கிலோமீட்டர். இதில் பிற்பகுதி இறக்கம். நான்காம் நாள்தான் பயணத்தின் உச்சம்: கூடலூரிலிருந்து ஊட்டிக்கு 50 கிலோமீட்டர், ஏற்றத்தின் பெரும்பகுதி ஊசிமலையைச் சுற்றி நடுவட்டம் சேர்வதற்குள்ளேயே வந்துவிடும். ஐந்தாம் நாள் குன்னூர், பர்லியார் வழியாக மேட்டுப்பாளையத்துக்கு இறக்கம்.

மசினகுடியிலிருந்து 36 கொண்டை ஊசி வளைவுகளில் ஊட்டிக்கு ஏறும் கல்லட்டிச் சாலை இதில் இல்லையே என்று சிலர் கேட்கலாம். சைக்கிள்காரர்களிடையே அதற்குத் தனி மதிப்பு உண்டு என்பது உண்மைதான். ஆனால் அந்தச் சாலைக்கு வர முதுமலைக் காட்டுப் பகுதியைக் கடந்தாக வேண்டும். யானையும் புலியும் நடமாடும் இடத்தில் துணையில்லாமல் சைக்கிளில் போவதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன். முறையான ஏற்பாட்டோடும் அனுமதியோடும் குழுவாக வரும்போது அதை வைத்துக்கொள்ளலாம். கோத்தகிரி, குன்னூர்ச் சாலைகளிலும் விலங்குகள் இல்லாமலில்லை. குஞ்சப்பனைப் பக்கம் பலாப்பழக் காலத்தில் யானைகள் சாலைக்கே வரும். தேயிலைத் தோட்டங்களில் விடியலிலும் அந்தியிலும் காட்டெருமைகள் மேயும். ஒன்றைப் பார்த்தால் மணியடிக்காமல், கத்தாமல், நல்ல இடைவெளியில் நின்று, ஒரு பேருந்தோ லாரியோ வரும்வரை காத்திருந்து அதன் பின்னால் போங்கள். வெளிச்சம் வருமுன் கிளம்புவதும், இருட்டிய பின் ஓட்டுவதும் வேண்டாம். கூடவே கார் வருமானால், 2024 மே 7 முதல் நடைமுறையில் உள்ள, நீலகிரிக்குள் நுழைவதற்கான இ-பாஸை அதற்கு முன்னதாகவே எடுத்துவிடுங்கள்.

மாலை வேலைகளை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை, ஆனால் பல பயணங்கள் அங்கேதான் முறிகின்றன. தொடை இடுக்கில் வரும் புண்ணுக்குக் காரணம் ஈரமும் அழுக்கும் உராய்வும். ஓட்டும் கால்சட்டையை அன்றன்றைக்கே துவைத்தாக வேண்டும். கோத்தகிரிக் குளிரில் கொடியில் போட்டால் காலைக்குள் காயாது. பிழிந்த கால்சட்டையை உலர்ந்த துண்டின்மேல் விரித்து, பாய்போலச் சுருட்டி, அதன்மேல் ஏறி நின்று ஒரு நிமிடம் மிதியுங்கள். துண்டு ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பிறகு மின்விசிறியின் கீழ் போட்டால் விடிவதற்குள் உடுத்தும் அளவுக்கு உலர்ந்துவிடும். இருந்தாலும் இரண்டு கால்சட்டை கையில் இருக்கட்டும்.

இறக்கத்தை ஓய்வு என்று நினைப்பவர்களுக்கு ஐந்தாம் நாள்தான் சோதனை. ஏறும்போது உடல் செய்த அத்தனை வேலையும் இறங்கும்போது காற்றிலும் பிரேக்கிலும் வெப்பமாகத் தீர வேண்டும். பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே வந்தால் ரிம் எனப்படும் சக்கர வளையம் சூடேறி டியூப் வெடிக்கலாம். ரிம் பிரேக் உள்ள கார்பன் சக்கரங்களை இந்த மலைக்குக் கொண்டுவரவே வேண்டாம். வளைவுக்கு முன் நேர்ச்சாலையில் இரண்டு பிரேக்கையும் அழுத்தி வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் விட்டுவிடுங்கள். மேலேறி வரும் வண்டிக்கு வழிவிடுவதே மலைச்சாலை விதி. அரசுப் பேருந்து கொண்டை ஊசி வளைவில் திரும்ப முழுச் சாலையும் தேவைப்படும் என்பதால், ஹாரன் கேட்டதும் வளைவுக்கு முன்பே நின்றுவிடுங்கள். ஊட்டியில் கிளம்பும்போது சட்டைக்குள் நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு நாளிதழை மடித்துச் செருகிக்கொண்டால் குளிர்காற்று நெஞ்சில் அறையாது. அருவங்காடு தாண்டியதும் எடுத்துவிடலாம். குன்னூரில் பத்து நிமிடம் நின்று, பிரேக் கட்டைகளின் பள்ளம் இன்னும் தெரிகிறதா என்று பாருங்கள். பள்ளம் மறைந்திருந்தால் அங்கேயே மாற்றிவிட்டு, விரல்களை நன்றாக உதறிக்கொண்டு, பர்லியார் இறக்கத்தைத் தொடங்குங்கள்.