பிளஸ் டூ இல்லாமல் பட்டப்படிப்பா? சேர்வதற்கு முன் நேரும் தவறுகள்

பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வெளியான சில நாட்களிலேயே கடலூர் பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள சுவர்களில் 'பத்தாவது பாஸா, பெயிலா? நேரடியாகப் பட்டம்' என்னும் சுவரொட்டிகள் முளைத்துவிடுகின்றன. முள்ளோடையைத் தாண்டிப் புதுச்சேரிக்குள் நுழைந்தாலும் அதே வாசகம்தான். தொலைபேசி எண் மட்டும் மாறியிருக்கும். வழக்கமான தகுதி இல்லாத பிள்ளைக்கு மாற்றுவழியே கிடையாது என்று சொல்ல வரவில்லை. நல்ல வழிகள் உண்டு. ஆனால், ஒரு நிறுவனம் மாணவரைச் சேர்த்துக்கொள்வது வேறு. அங்கே பெற்ற பட்டம் பத்து ஆண்டுகளுக்குப் பின் சான்றிதழ் சரிபார்ப்பில் செல்லுபடியாவது வேறு. பெரும்பாலான தவறுகள் இந்த இரண்டையும் ஒன்றென எண்ணுவதால் நேர்கின்றன.

அவற்றுள் மிகப் பெரியது, பள்ளிப் படிப்பைத் தாண்டிக் குதித்துத் திறந்தநிலைப் பட்டத்தில் இறங்குவது. கடலூர் மாவட்டத்தாருக்கு இது தொலைதூரத்துச் செய்தி அன்று. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் திறந்தநிலை முறையில் வழங்கிய, இளநிலைப் பட்டம் இல்லாமலேயே பெறப்பட்ட முதுநிலைப் பட்டம் ஒன்று தொடர்பான வழக்கில்தான், அத்தகைய பட்டம் பணி நியமனத்துக்குச் செல்லாது என 2009-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு வெளியிட்ட 107-ஆம் எண் அரசாணை, பத்தாம் வகுப்பும் பிளஸ் டூவும் முடித்த பின்னர் பெற்ற திறந்தநிலைப் பட்டங்களை மட்டுமே அரசுப் பணிக்கு ஏற்கலாம் என்று வரையறுத்தது. சட்டப் படிப்பிலும் இதே கண்டிப்பு உண்டு. அடிப்படைக் கல்வித் தகுதி இல்லாமல் திறந்தநிலை முறையில் நேரடியாகப் பட்டம் பெற்றவர் சட்டக் கல்லூரியில் சேர இயலாது என்று, சட்டக் கல்வியை நெறிப்படுத்தும் இந்திய பார் கவுன்சிலின் 2008-ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. காலாப்பட்டு அரசு சட்டக் கல்லூரியை மனத்தில் வைத்துக்கொண்டு 'எப்படியாவது ஒரு டிகிரி' வாங்கிவைக்கும் புதுச்சேரி மாணவர்கள் இந்த விதியை முதலிலேயே படித்துவிட வேண்டும்.

இதன் தொடர்ச்சியாக வருவது வரிசை மாறும் பிழை. பட்டத்தை வாங்கிவிட்டு, பின்னர் யாரோ சொன்னதைக் கேட்டு, விடுபட்ட பிளஸ் டூவைத் தனித்தேர்வராக எழுதித் தேர்ச்சி பெற்றுவிட்டால் குறை தீர்ந்துவிடும் என்று நம்புகிறார்கள். ஆனால், தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையமான டிஎன்பிஎஸ்சியின் அறிவிக்கைகள் பத்தாம் வகுப்பு, மேல்நிலை அல்லது அதற்கு இணையான படிப்பு, பட்டம் என்ற வரிசையிலேயே தகுதியைக் கேட்கின்றன. இதே போல, சில திறந்தநிலைப் பல்கலைக்கழகங்கள் நடத்திவந்த ஆயத்தப் படிப்பையும் பிளஸ் டூ என்று மயங்கக் கூடாது. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோவின் ஆயத்தப் படிப்பு அந்தப் பல்கலைக்கழகத்தின் இளநிலை வகுப்புக்குள் நுழைவதற்கான வாயில் மட்டுமே. பிளஸ் டூவுக்கு இணையான சான்று அன்று.

அப்படியானால் தேர்ச்சி பெறாதவர் என்ன செய்ய வேண்டும்? முதலில் செய்ய வேண்டியது மிக எளியது. அதனாலேயே பலரும் அதைக் கவனிப்பதில்லை. ஜூன், ஜூலை வாக்கில் நடைபெறும் துணைத் தேர்வில், தவறிய பாடத்தை மட்டும் எழுதினால் போதும். முடிவு அந்த ஆண்டே வந்துவிடும். ஒரு பாடத்தில் தவறியதற்காக வெட்கப்பட்டுப் பிள்ளையைப் பள்ளியின் பக்கமே அனுப்பாமல், விளம்பரத்தில் உள்ள எண்ணுக்குப் பல்லாயிரம் ரூபாய் கட்டும் பெற்றோரை என்னவென்று சொல்வது?

பள்ளியை முற்றிலும் விட்டுவிட்டவருக்குத் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனமான என்ஐஓஎஸ் நம்பகமான வழி. ஒரு மொழியாவது உள்ளிட்ட ஐந்து பாடங்களில் தேர்ச்சி பெற வேண்டும். பதிவு ஐந்தாண்டுகள் செல்லும் என்பதால் ஒவ்வொரு பாடமாக எழுதி முடிக்கலாம். அங்கீகாரம் பெற்ற வாரியத்தில் ஏற்கெனவே தேர்ச்சி பெற்ற இரண்டு பாடங்கள் வரை கணக்கில் கொண்டுவரவும் முடியும். ஆனால் 'ஆறே மாதத்தில் பத்தாவதும் பிளஸ் டூவும்' என்று எவரேனும் உறுதி கூறினால் அங்கிருந்து எழுந்து வந்துவிடலாம். பத்தாம் வகுப்புக்கும் மேல்நிலைச் சான்றுக்கும் இடையே இரண்டாண்டு இடைவெளியை என்ஐஓஎஸ்ஸே கோருகிறது. இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். மருத்துவம், பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் தமிழ்நாட்டின் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு உரியது. இடையில் திறந்தநிலைப் பள்ளிக்கு மாறும் மாணவர் அந்த உரிமையை இழப்பார். உயர்கல்வி பயிலும் மாணவியருக்கான புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாயும் தொலைநிலைக் கல்வி பயில்வோருக்குக் கிடைக்காது.

பிளஸ் டூவே ஒத்துவராது என்று உணர்ந்த மாணவருக்கு மூன்றாண்டு பாலிடெக்னிக் டிப்ளமோவை நான் முன்னிறுத்துவேன். பத்தாம் வகுப்புத் தேர்ச்சியே அதற்குப் போதும். முடித்தவர் பொறியியலில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். பத்தாம் வகுப்புக்குப் பின் இரண்டாண்டு ஐடிஐ முடித்தவரும் டிப்ளமோவின் இரண்டாம் ஆண்டுக்குள் நுழையலாம். 'பெயிலானவன் போகும் இடம்' என்ற பழைய ஏளனத்தால் இவ்வழியைத் தள்ளிவிடுவதும் ஒரு தவறுதான். கையில் ஒரு தொழிலும், தொடர்ச்சி அறுபடாத சான்றிதழ்களும் சேர்ந்து கிடைக்கும் வழி இது ஒன்றே என்பது என் கருத்து.

தொலைநிலையில் பட்டம் படிப்பது என்று முடிவு செய்தவர்கள் பல்கலைக்கழகத்தின் பெயரை மட்டும் பார்த்து அமைதியடைகிறார்கள். பல்கலைக்கழக மானியக் குழுவான யூஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு அளிக்கும் அங்கீகாரமோ குறிப்பிட்ட பாடத்துக்கும் குறிப்பிட்ட கல்வியாண்டுக்கும் உரியது. சென்ற ஆண்டு அண்ணன் படித்த பாடம் இவ்வாண்டு தம்பிக்குப் பட்டியலில் இல்லாமல் போகலாம். 2024 முதல் மாணவரே அப்பிரிவின் இணையதளத்தில் டெப் ஐடி என்னும் அடையாள எண்ணை உருவாக்கிய பின்னரே தொலைநிலைப் படிப்பில் சேர முடியும். அதைத் தாமே செய்து தருவதாக முகவர் சொன்னால் மறுத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து நீங்களே செய்யுங்கள். யூஜிசியின் போலிப் பல்கலைக்கழகப் பட்டியலில் புதுச்சேரி முகவரி கொண்ட நிறுவனமும் இடம்பெற்றிருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

எல்லையோரக் குடும்பங்களுக்கே உரிய பிழை ஒன்று உண்டு. கடலூரில் வீடும் பாகூரில் உறவும் உள்ளவர்கள் இரண்டு பக்கமும் விண்ணப்பித்துவிடலாம் என்று நினைக்கிறார்கள். புதுச்சேரியின் கல்லூரிச் சேர்க்கைக்கான சென்டாக் கலந்தாய்வில் புதுச்சேரி மாணவராகக் கருதப்பட, அங்கே தொடர்ந்து ஐந்தாண்டுகள் குடியிருந்ததற்கான சான்று வேண்டும். உறவினரின் ரேஷன் அட்டை அதற்கு உதவாது.

எந்த வழியில் சேர்ந்தாலும் அசல் சான்றிதழ்களைச் சரிபார்க்கக் காட்டியதும் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். அவற்றைக் கல்வி நிறுவனம் தன்னிடம் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது யூஜிசி 2018-இலேயே அறிவித்த விதி. அதைச் சுட்டிக்காட்டிய பிறகும் தர மறுக்கும் இடத்தில் முதல் தவணைக் கட்டணத்தைக் கட்டாதீர்கள்.