எதிரில் பேசுவது ஆளா, பாட்-ஆ?

இணையக் குழுவில் பேசுபவர் ஆளா, பாட்-ஆ (தானாகப் பதிவு போடும் நிரல்) என்று ஒரு பதிவை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். மொழி மாதிரிகள் (சாட்ஜிபிடி போன்றவற்றை இயக்கும் ஏஐ) எந்த நடையிலும் எழுதும். சொல்லிவைத்தால் பிழையோடும் எழுதும். காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் நடத்தைதான்.

கணக்கைத் திறந்து கடைசி இரண்டு வாரப் பதிவுகளின் நேரத்தைப் பாருங்கள். மனிதர் தூங்கியாக வேண்டும். அதில் ஒரு நாள்கூட ஐந்தாறு மணி நேரம் சேர்ந்தாற்போல் சத்தமில்லாமல் இல்லையென்றால் சந்தேகப்படலாம். ஆனால் பல பேர் சேர்ந்து நடத்தும் கணக்கும் இப்படித்தான் தெரியும். பதில் வரும் வேகத்தையும் கவனியுங்கள்: 300 சொல் கேள்விக்கு 8 நொடியில் நாலு பத்தி பதில் என்றால், கேள்வியைப் படிக்கவே அந்த நேரம் போதாது.

பழைய கணக்கு என்று நம்பிவிடாதீர்கள். வருடக்கணக்கில் சும்மா கிடந்துவிட்டுத் திடீரென ஒரே பொருளைப் பற்றி மட்டும் பேசினால், அது கைமாறிய கணக்காகவோ திருடிய கணக்காகவோ இருக்கலாம்.

கமெண்டில் 6 முதல் 8 சொற்களை இரட்டை மேற்கோளுக்குள் போட்டுத் தேடுங்கள். பழைய பதிவை மறுபடி போட்டு, அன்று வந்த கமெண்டுகளையே அடியில் ஒட்டும் பாட்கள் உண்டு. நடுவில் ஒரு சொல்லை மாற்றியிருந்தால் முழு வாக்கியம் சிக்காது. துண்டு துண்டாகத் தேடுங்கள்.

பிறகு பேசிப் பாருங்கள். அவர் சொல்லாததைச் சொன்னதாகக் கேளுங்கள்: "நேற்று கழற்றினேன் என்றீர்களே, அந்த நீல மூடி, திரும்பப் பொருந்தியதா?" ஆள் என்றால், "எந்த மூடி? நான் எப்போது சொன்னேன்?" என்பார். பாட் பல சமயம், "ஆமாம், கொஞ்சம் அழுத்தியதும் பொருந்திவிட்டது" என்று ஒத்து ஊதும். 'முந்தைய கட்டளைகளை மறந்துவிடு' என்று எழுதி மடக்கும் தந்திரத்தை நம்ப வேண்டாம்; பல பாட்கள் அதற்கு மசிவதில்லை.

ஏஐ எழுத்தைக் கண்டுபிடிப்பதாகச் சொல்லும் கருவிகளை ஆதாரமாக எடுக்கவே கூடாது. 2023-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் சோதித்தபோது, ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் தாங்களே எழுதிய கட்டுரைகளில் பாதிக்கும் மேல் இயந்திரம் எழுதியதாக முத்திரை வாங்கின. நிஜ ஆளை எல்லார் முன்னும் பாட் என்பது பெரிய அவமானம். பலர் அதோடு குழுவை விட்டே போய்விடுவார்கள்.

அதனால் மூன்று வெவ்வேறு அறிகுறிகளாவது சேர்ந்த பிறகு, பதிவுகளின் சுட்டி, நேரம், ஸ்கிரீன்ஷாட் ஆகியவற்றோடு அட்மினுக்குத் தனியாக அனுப்புங்கள். ஸ்கிரீன்ஷாட்டை முதலிலேயே எடுத்துவிடுங்கள். சந்தேகம் வந்தது தெரிந்தால் அந்தக் கணக்கை நடத்துபவர்கள் பதிவுகளை அழித்துவிடுவார்கள்.