எல்டிஎஸ் போட்டாயிற்று, அப்புறம் செய்யும் தவறுகள்

பேக்கப் எடுங்கள், ரூட் கணக்கில் உலவாதீர்கள் என்பதையெல்லாம் எல்லாரும் சொல்லிவிட்டார்கள். எல்டிஎஸ், அதாவது நீண்டகால ஆதரவு உள்ள வெளியீடு, போட்ட லினக்ஸ் சர்வரைப் பார்த்துக்கொள்ள புதிதாக வருபவர்கள் வரிசையாக வந்து விழும் இடங்கள் வேறு.

ஒரு பேக்கேஜுக்காக அடுத்த வெளியீட்டின் ரெப்போவைச் சேர்ப்பது

எனக்கு இன்றும் எரிச்சலூட்டுவது இதுதான். சர்வரில் இருப்பது டெபியன் என்ற லினக்ஸின் 11-ஆம் வெளியீடு. வேண்டிய பதிப்போ டெபியன் 12-இல்தான் இருக்கிறது. ரெப்போ (பேக்கேஜ்கள் இறங்கி வரும் களஞ்சியம்) பட்டியலில் 12-க்கான வரியைச் சேர்த்து நிறுவுவார்கள். வேலை செய்யும். ஆனால் அந்தப் பேக்கேஜ் ஜிலிப்சி (glibc) என்ற அடிப்படை நூலகத்தின் புதிய பதிப்பைக் கேட்டிருக்கும், 2.31 இருந்த இடத்தில் 2.36 வந்து உட்கார்ந்திருக்கும். கணினியில் ஏறக்குறைய எல்லா நிரலும் நம்பியிருப்பது அந்த நூலகத்தைத்தான்.

சேர்த்த வரியையாவது எடுப்பார்களா என்றால், அதுவும் இல்லை. பேக்கேஜ்களை நிறுவும் கருவியான ஆப்ட் இரண்டு ரெப்போவுக்கும் தரும் முன்னுரிமை 500. சமமாக இருந்தால் பெரிய பதிப்பு எண்தான் ஜெயிக்கும். பிறகொரு நாள் வேறு யாரோ வழக்கமான அப்டேட் என்று நினைத்து ‘ஆப்ட் அப்கிரேட்’ கொடுப்பார். அந்தக் கட்டளை எதையும் நீக்காது. நீக்காமல் ஏற்ற முடிந்ததை ஏற்றிவிட்டு மீதியை அப்படியே விட்டுவிடும்.

அப்படி ஆன ஒரு சர்வரைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். இணையதளம் டெபியன் 11-இன் பிஎச்பி 7.4-இல் ஓடுகிறது, இரவில் தானாக ஓடும் கிரான் வேலைகள் டெபியன் 12-இன் 8.2-இல் ஓடிப் பிழை காட்டுகின்றன. “நாங்க எதையும் மாத்தலையே” என்றார்கள். வரியைச் சேர்த்தவர் வேலையை விட்டே போயிருந்தார். பழைய பதிப்புக்கு இறக்கிவிடலாமே என்று அடுத்த கேள்வி. கீழிறக்குவதை டெபியன் ஆதரிப்பதில்லை. ஜிலிப்சியில் கைவைத்தால் கட்டளை கொடுக்கும் ஷெல்லே திறக்காமல் போகலாம். தரவை மட்டும் எடுத்துக்கொண்டு புதிதாக நிறுவினோம்.

புதிய பதிப்பு வேண்டுமென்றால் முதலில் பேக்போர்ட்ஸ் என்ற டெபியன் ரெப்போவில் தேடுங்கள். அது உங்கள் வெளியீட்டுக்காகவே கட்டப்பட்டது. முன்னுரிமையும் 100 என்பதால் தானாக நுழையாது. அங்கே இல்லையா, கன்டெய்னரில் (தனியே அடைத்த சூழலில்) ஓட்டுங்கள்.

ஐந்து ஆண்டு எல்லாவற்றுக்கும் என்று நம்புவது

உபுண்டு எல்டிஎஸ் தரும் வழக்கமான ஐந்து ஆண்டு பாதுகாப்புத் திருத்த வாக்குறுதி அதன் ரெப்போவில் மெயின் என்ற பகுதிக்குத்தான். யூனிவர்ஸ் என்ற பகுதியில் இருப்பவை தன்னார்வலர்கள் பொறுப்பு. அவற்றுக்கும் உறுதி வேண்டுமானால் உபுண்டு ப்ரோ சந்தா. டெபியனில் முதல் மூன்று ஆண்டு தாண்டியதும் பராமரிப்பு வேறொரு குழுவின் கைக்குப் போகிறது, அதுவும் சில பிராசஸர் வகைகளுக்கு மட்டும்.

பழைய பதிப்பு எண்ணைக் கண்டு பதறுவது

பாதுகாப்புத் திருத்தம் பழைய எண்ணுக்குள்ளேயே வந்திருக்கும். பேக்கேஜின் மாற்றக் குறிப்பான சேஞ்ச்லாகைப் படியுங்கள்.

சிஸ்டம் பைத்தானை மாற்றுவது

வேண்டாம். தனிப் பைத்தான் சூழல் தரும் வெர்ச்சுவல் என்விரான்மென்ட் இருக்கிறது.

முடிவுத் தேதியை ஒருமுறை பார்த்துவிட்டு மறப்பது

சென்ட்ஓஎஸ் 8 என்ற டிஸ்ட்ரோவுக்கு (லினக்ஸ் வகைக்கு) 2029 வரை ஆதரவு என்றுதான் இருந்தது. அதை முன்பே முடிப்பதாக 2020 டிசம்பரில் அறிவிப்பு வந்தது. 2021 முடிவோடு கதை முடிந்தது. நீங்கள் போட்டிருக்கும் டிஸ்ட்ரோவின் அறிவிப்பு மின்னஞ்சல் பட்டியலில் சேர்ந்துவிடுங்கள், அதைத் திறந்தும் பாருங்கள்.